வில்லாவுக்கு அவசரம், கேம்புக்கு புக்ரா

ரியாத் பத்தா கடைத்தெருவில் கிடைக்காத ஏசி சாமான் கிடையாது. கம்ப்ரெசர், ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட், ரிமோட் என்று எதைக் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலை வீங்கிய கெப்பாசிட்டரைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். அது தொழிலாளர் கேம்ப் ஏசியின் கெப்பாசிட்டர். எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு ஒரே ஒரு விண்டோ ஏசி. அதற்கும் உயிர் போய்விட்டது.

கடைக்காரச் சேட்டன் அதைத் திருப்பிப் பார்ப்பார். "35-தானே? ஒரிஜினல் வேணுமா, சைனா போதுமா?" ஒரிஜினல் விலையைக் கேட்டதும் நம்மாள் சைனாவுக்கு இறங்கிவிடுவான். ஒரு ஆகஸ்டைத் தாண்டினால் அது அதிர்ஷ்டம். அதற்குக் கொடுக்கும் காசும் கம்பெனிக் காசு அல்ல, அறையில் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தது. லீவில் ஊருக்குப் போயிருப்பவன் பங்கு தரவேண்டுமா என்று நள்ளிரவு வரை பஞ்சாயத்து வேறு நடந்திருக்கும்.

கம்பெனி ஒன்றும் செய்யவில்லையா? செய்யாமல் என்ன! கேம்ப் பாஸ் நோட்டில் எழுதிக்கொண்டார். "மெயில் போட்டாச்சு தம்பி, புக்ரா ஆள் வந்துடும்." புக்ரா என்றால் அரபியில் நாளை. மெயிலுக்கு வியர்க்காது. கேம்ப் பாஸுக்கும் வியர்க்காது, அவர் அறையில் ஸ்ப்ளிட் ஏசி.

இதில் கூத்து என்னவென்றால், அந்த எட்டுப் பேரில் மூன்று பேருக்கு ஏசி ரிப்பேர்தான் தொழில். பகலெல்லாம் ஊரார் வீட்டைக் குளிரவைத்துவிட்டு, ராத்திரி ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள்.

பகல் வெயிலுக்குச் சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சவுதி அரசின் விதி. மூன்று மணி அடித்ததும் ரியாத் சூரியன் கார்டு பஞ்ச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும் போலிருக்கிறது. செப்டம்பர் 16 காலையில் ஃபைனல் எக்ஸிட் அடித்து நாட்டைவிட்டே கிளம்பிவிடும்.

அந்த விதியிலும் விலக்கு உண்டு. எண்ணெய், எரிவாயுக் கம்பெனி ஆட்களுக்கு ஒன்று, அவசரப் பராமரிப்பு வேலைக்காரர்களுக்கு இன்னொன்று. அவர்களை வெயிலிலிருந்து காக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கிறது. ஏற்பாடு என்றால் பல இடங்களில் ஒரு தொப்பி. ஜூலை நடுப்பகலில் ஒரு வில்லாவின் ஏசி நின்றுபோவதைவிடப் பெரிய அவசரம் உலகத்தில் உண்டா? மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டின் தகரத்தில் கை வைக்க முடியாது. கம்ப்ரெசர் சூடேறி ட்ரிப் ஆகியிருந்தால் அதன்மேல் தண்ணீர் ஊற்றி ஆறவிடுவார்கள். ஊற்றுகிறவன் தலையில் யாரும் ஊற்றுவதில்லை.

கம்ப்ரெசருக்கு 5 வருஷம், 10 வருஷம் என்று வாரண்டி கார்டு உண்டு. அது செத்தால் வோல்டேஜா, கேஸ் லீக்கா, யார் குற்றம் என்று ரிப்போர்ட் எழுதாமல் புதுசு வராது. அதைக் கழற்றி மாட்டியவன் ராத்திரி படுத்துக் காலையில் எழுந்திருக்காவிட்டால் ஒரே வரிதான்: இயற்கை மரணம். வயது முப்பதானாலும் அதே வரி. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் எத்தனையோ சவப்பெட்டிகளோடு இந்தத் தாள்தான் வந்திருக்கிறது. பழியை இயற்கையின் தலையில் போட்டுவிட்டால் யாருக்கும் இன்வாய்ஸ் போகாது.

2022 உலகக் கோப்பைக்குக் கத்தார், கூரை திறந்த மைதானங்களுக்கே ஏசி போட்டது. புல்லுக்கும் குளிர் காற்று! கட்டியவன் புல்லாய்ப் பிறந்திருக்கலாம். 2034-இல் கோப்பை சவுதிக்கு வருகிறது. அங்கேயும் புல்லுக்கு யாரும் புக்ரா சொல்லப்போவதில்லை.

நம் ஊர் ஏஜென்ட்டையும் விட்டுவிடக் கூடாது. ஓர் ஆளிடம் 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது என்று இந்திய அரசு விதி போட்டிருக்கிறது. லட்சத்தில் வாங்கிக்கொண்டு "ஏசி ரூம், ஃப்ரீ சாப்பாடு" என்று அனுப்பிவைத்தாரே, அவர் பொய் சொல்லவில்லை. ரூமில் ஏசி இருக்கத்தான் செய்கிறது. ஓடும் என்று அவர் எப்போது சொன்னார்?

கேம்ப்வாசிகளுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை பத்தாவுக்கு அலையாதீர்கள். சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டு, நல்ல அரபியில் ஒரு வில்லா முகவரியைச் சொல்லி, குழந்தை அழுகிறது என்று அதட்டுங்கள். அரை மணியில் ஒரிஜினல் சாமானோடு வேன் வந்து நிற்கும். இறங்குகிறவன் உங்கள் அறையில் மேல்கட்டிலில் படுப்பவன்தான். கெஞ்சினால் அந்த கெப்பாசிட்டரைக் கேம்புக்குக் கொண்டுவந்து மாட்டியும் விடுவான். மாட்டினால் அவன்மேல் திருட்டுக் கேஸ், கையில் ஊர் டிக்கெட். அந்த டிக்கெட்டுக்கு மட்டும் புக்ரா கிடையாது, அன்றைக்கே கிடைக்கும்.