நம்பாததை நம்புவது எப்படி?

“நம்புங்க, நல்லதே நடக்கும்” என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. எப்படி நம்புவது என்று சொல்லிக் கொடுத்த ஆளும் இல்லை. கோயில் வாசலிலும் சரி, முதலீட்டுக் கூட்டத்திலும் சரி, “முதல்ல நம்பிக்கை வேணும் சார்” என்பார்கள். அது எங்கே கிடைக்கும் என்று கேட்டால் முறைப்பார்கள். சந்தேகப் பேர்வழிகளின் இந்த நெடுநாள் குறையைத் தீர்க்கவே இந்த வழிகாட்டி.

முதலில் ஒரு சோதனை

தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியைப் பாருங்கள். அது பலாப்பழம் என்று அடுத்த 10 விநாடிக்குள் மனதார நம்பினால் ஒரு லட்சம் ரூபாய் பரிசு. நம்புவதாகச் சொல்லிவிடலாம், சூடம் அடித்துச் சத்தியமும் செய்யலாம். நம்பத்தான் வராது. இதற்குக் காரணம் சொன்னவர் பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. நினைத்த மாத்திரத்தில் ஒன்றை நம்ப முடியும் என்றால், மெய்யா பொய்யா என்று பாராமல் நானே வைத்துக்கொண்டது அது என்பதும் எனக்குத் தெரிந்திருக்குமே? தெரிந்தபிறகு அதை எப்படி உண்மை என்று எண்ணுவேன்? ஆக, நேர்வழி அடைபட்டிருக்கிறது. சுற்றுவழியில் போவோம்.

படி 1: சிறியதாகத் தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் கடவுள், மறுபிறவி என்று இறங்க வேண்டாம். தொடக்கப் பயிற்சிக்கு ராகுகாலம் உத்தமம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான். நாள்காட்டித் தாளிலேயே அச்சிட்டிருக்கும். திங்கள் 7.30 முதல் 9 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை.

ஒன்று மட்டும்: கணக்குப் போடாதீர்கள். ராகுகாலம் பகல்பொழுதில் எட்டில் ஒரு பங்கு. அச்சிட்ட நேரம், காலை 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு அடையும் சூரியனுக்குத்தான் பொருந்தும். ஜனவரியில் மும்பையில் 7 மணிக்கு மேல்தான் விடிகிறது. மாதுங்காத் தமிழர் வீட்டுச் சுவரிலும் திங்களன்று அதே 7.30தான் தொங்குகிறது. இந்த மாதிரி யோசனை வந்தால் உடனே எழுந்து போய்க் காபி போடவும்.

படி 2: நம்பாமலே செய்யுங்கள்

இந்த வழியைக் காட்டியவர் ஒரு கணித மேதை. 1654இல் ஃபெர்மா என்ற சக கணிதரோடு கடிதத்திலேயே சூதாட்டக் கணக்குப் பேசி நிகழ்தகவுக்கு அடித்தளம் போட்ட பிளேஸ் பாஸ்கல். கடவுள் இருந்தால் நம்பியவனுக்கு அளவில்லாத லாபம், இல்லாவிட்டால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை, ஆகவே இருக்கிறார் என்று பந்தயம் கட்டு என்றார். “கணக்குப் புரிகிறது, ஆனால் மனம் நம்ப மாட்டேன் என்கிறதே” என்பவனுக்கும் அவரிடம் பதில் இருந்தது: நம்புகிறவர்கள் செய்வதைச் செய், தீர்த்தம் எடு, பூசை வை, நம்பிக்கை தானாக வரும். அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1670இல் வெளியான குறிப்புகளில் இது இருக்கிறது.

நம் ஊரில் இதைப் படிக்காமலே செய்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பத்திரப்பதிவு அலுவலக வாசல், மணி 11.10. மாமனார் கையில் மஞ்சள் பை, பைக்குள் பத்திரம். மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“மாமா, இப்ப போனா நம்ம வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்.”

“வாங்க மாப்பிள்ளை, ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்.”

“ராகுகாலமா?”

“சேச்சே, எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. எதுக்கு வம்பு?”

பாஸ்கலின் பந்தயம் முழுவதும் அந்த ‘எதுக்கு வம்பு’க்குள் அடக்கம். இரண்டு டீயும் ஒரு மசால்வடையும் முடிந்து, 12 அடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் மாமனார் வாசற்படி மிதிப்பார். அடுத்த முறை மருமகனே டீக்கடையைத் தேடுவார்.

படி 3: ஊருக்கு உபதேசியுங்கள், காசு வாங்காதீர்கள்

ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இருவர் 1959இல் வெளியிட்ட சோதனை இது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் செக்கு மாட்டு வேலை. அதில் பாதி நேரம், பலகையில் செருகிய 48 முளைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் திருப்புவது, திரும்பவும் முதலிலிருந்து திருப்புவது. பிறகு, காத்திருக்கும் அடுத்த ஆளிடம் “ரொம்ப சுவாரசியமா இருந்தது” என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னதற்குச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு ஒரே டாலர். கடைசியில் ‘வேலை உண்மையில் எப்படி இருந்தது?’ என்று கேட்டபோது, நன்றாகத்தான் இருந்தது என்ற பக்கம் அதிகம் சாய்ந்தவர்கள் ஒரு டாலர்காரர்கள். 20 வாங்கியவனுக்குப் பொய் சொன்னதற்குக் காரணம் கையில் இருந்தது. ஒன்று வாங்கியவன் காரணத்தைத் தனக்குள்ளேயே தயாரிக்க வேண்டியிருந்தது.

ஆகவே தங்கச்சி மகனிடம், “இன்னிக்கு 10.30க்கு மேல பைக் டெலிவரி எடுக்காதடா” என்று இலவசமாகச் சொல்லிவையுங்கள். சொல்லச் சொல்ல உங்களுக்கே பிடித்துப்போகும்.

படி 4: வரவை மட்டும் எழுதுங்கள்

வெள்ளி 11 மணிக்குச் செல்பேசி கீழே விழுந்து உடைந்தால் குறித்துக்கொள்ளுங்கள். புதன் காலை 8 மணிக்கு உடைந்தால் அது மட்டமான செல்பேசி. ஒரு வருடத்தில் உங்கள் குறிப்பேடு மறுக்க முடியாத ஆதாரமாகிவிடும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி

‘இதே முறையில் நம்பிக்கையை விடவும் முடியுமா?’ தாராளமாக. சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே ராகுகாலத்தில் கல்யாணம் நடத்தினார்கள். மேடையில் எத்தனை மணி நேரம் பேசினாலும் போகாத பயம், பக்கத்து வீட்டுப் பெண் ராகுகாலத்தில் மாலை மாற்றிப் பிள்ளை குட்டியோடு நன்றாக வாழ்வதைப் பார்த்தால் போகும். செயல் முன்னால் போனால் மனம் பின்னால் வரும். எந்தப் பக்கம் என்று அது கேட்பதில்லை.

எச்சரிக்கை

மேற்கண்ட படிகள் எந்தச் சரக்குக்கும் வேலை செய்யும். அதுதான் சிக்கல். மாதம் 10 சதவீத வட்டி தருவதாகச் சொல்லும் நிறுவனத்தின் மீது உங்களுக்குச் சந்தேகம். சும்மா கொஞ்சம் போட்டுப் பார்க்கிறீர்கள் (படி 1, 2). மச்சானையும் சேர்த்துவிடுகிறீர்கள் (படி 3). முதல் மாத வட்டி வந்ததை எல்லோரிடமும் காட்டுகிறீர்கள் (படி 4). இப்போது உங்கள் நம்பிக்கை நூற்றுக்கு நூறு நேர்மையானது.

1877இல் வில்லியம் கிளிஃபர்டு என்ற இன்னொரு கணிதர் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொன்னார். பழைய கப்பல், பழுது பார்க்க வேண்டியது, ஏறப்போவது குடிபெயரும் குடும்பங்கள். இத்தனை முறை போய்வந்ததுதானே, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று முதலாளி தன் சந்தேகத்தைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தார். மனதார நம்பித்தான் வழியனுப்பினார். நடுக்கடலில் கப்பல் மூழ்கியது. காப்பீட்டுப் பணம் வந்தது. கிளிஃபர்டின் தீர்ப்பு: நம்பினார் என்பது உண்மை, அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே.

நம்பிக்கை நம் உத்தரவுக்கு வருவதில்லை, சரி. வளர்த்த கை நம்முடையதுதான். ராகுகாலத்துக்கு விலை இரண்டு டீ; அதை மாமனாரே கொடுத்துவிடுகிறார். மற்ற நம்பிக்கைகளுக்கு மச்சானின் சேமிப்பிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

எனவே பணமோ பிறர் உயிரோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால், முதல் படியில் கால் வைப்பதற்கு முன் உங்கள் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, வீட்டில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். இந்த வழிகாட்டி பலித்துவிட்டால், அப்படி ஒரு சந்தேகம் தனக்கு இருந்ததே இல்லை என்று முதல் ஆளாகச் சாதிக்கப்போவது நீங்கள்தான்.