உப்பு எதுங்க?

டீச்சரக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே உள்ளே போய்விட முடியாது. தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்திருப்பார். அதன்மேல்தான் செருப்பு நிற்க வேண்டும், இடதுக்கு இடது, வலதுக்கு வலது. மாற்றி வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார், நீங்களாகக் குனிந்து திருத்துகிறவரை.

மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டு மாதிரி, ரயில் பாதைக்கு இடம் விட்டவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த பில்டிங்குகளில் மாடிக்கு ஒரு டீச்சரக்கா உண்டு. காலையில் பால்வாடி, சாயங்காலம் டியூஷன். மாண்டிசோரி சான்றிதழ் பிரேமுக்குள், முருகன் படத்துக்குப் பக்கத்தில். பால்வாடிப் பிள்ளைகள் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு பாடம் கேட்க மாடிக்காரர்கள் நாங்கள் இருக்கிறோம். முக்கியமாக, அவர் வீட்டுக்காரர் இருக்கிறார். பெஸ்ட் பஸ் டிரைவர். உங்கள் மாடி டீச்சரக்காவின் வீட்டுக்காரர் வேறு வேலை பார்த்தாலும் பாதகமில்லை, பெஸ்ட் பஸ் டிரைவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாண்டிசோரி முறையில் மூன்று படிப் பாடம் என்று ஒன்று இருக்கிறது. செகேன் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து மாண்டிசோரி அம்மையார் எடுத்துக்கொண்டது. முதல் படியில் பொருளைக் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும்: இது சிவப்பு. அடுத்து, சிவப்பு எது, காட்டு. கடைசியில் தொட்டுக் காட்டி, இது என்ன? பிள்ளை தவறாகக் காட்டினால் தப்பு என்று சொல்லக் கூடாது. இன்னும் நேரம் வரவில்லை என்று சாமானை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிட மரியாதையாக யாரும் பாடம் நடத்த முடியாது.

52 வயது டிரைவர் கதை வேறு. காட்கோபர்–மான்குர்த் லிங்க் ரோடு நெரிசலில் பஸ்ஸை உருட்டிக்கொண்டு வந்து, காக்கிச் சட்டை பட்டனைக் கழற்றியபடி, "மோர்ல உப்பு இல்லியே" என்கிறார். கேட்டிருக்கக் கூடாது. டீச்சரக்கா பாயை விரிக்கிறார். மூன்று டப்பாக்கள் வரிசையாக வந்து உட்காருகின்றன. மூடி ஒவ்வொன்றாகத் திறக்கிறது, சத்தமே இல்லாமல்.

"இது உப்பு." கொஞ்ச நேரம் மௌனம். "இது சர்க்கரை." மறுபடி மௌனம். "இது ரவை."

டிரைவர் தலையாட்டுகிறார்.

"உப்பு எதுங்க?"

அவர் ரவையைக் காட்டுகிறார்.

டீச்சரக்கா முகம் சுளிக்கவில்லை. வயிற்றெரிச்சலைக் கிளப்பும் புன்னகையோடு மூன்று டப்பாவையும் மூடுகிறார். "நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அப்ப மோருக்கு?"

"நாளைக்கு."

மனுஷன் உப்பில்லாத மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

நான் ஒரு முறை திருப்புளி கடன் கேட்கப் போனேன். சுவரில் பலகை, பலகையில் மார்க்கரால் ஒவ்வொரு சாமானின் உருவம், உருவத்தின்மேல் சாமான். கையை நீட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். "இது திருப்புளி, இது குறடு, இது ஸ்பேனர்" என்று தொடங்கிவிட்டார். மூன்றாவது படிக்கு வருவதற்குள் வராந்தாவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தியபோதுகூட எனக்கு நாக்கு அப்படி உலர்ந்ததில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. எவர்சில்வர் டம்ளர்கள் பரணுக்குப் போய்க் கண்ணாடி டம்ளர்கள் வந்துவிட்டன. உடைந்தால்தான் கைக்குப் புத்தி வருமாம். எந்த வேலையும் பாய் விரித்துச் செய்ய வேண்டும், முடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்த வேண்டும். இதற்கு மட்டும் அவர் மாமியார் வாய் திறந்தார்: "225 சதுர அடியில ஆறு பேரு. பொறந்ததுலேருந்து பாயைச் சுருட்டிட்டுத்தான் கெடக்கோம். இத சொல்லித்தர இத்தாலிலேருந்து ஒருத்தி வரணுமாக்கும்!"

கிழவி சொன்னதில் நியாயம் உண்டு. ரோமில் சான் லோரென்சோ என்ற தொழிலாளர் பகுதியில், 1907 ஜனவரி 6 அன்று, குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் அறையில்தான் மாண்டிசோரியின் முதல் பள்ளி தொடங்கியது. அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் சுவரையும் மாடிப்படியையும் நாசம் பண்ணுகின்றன என்று கட்டடக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. ஆக, நம்ம பில்டிங் மாதிரி ஒன்றில் பிறந்த சங்கதிதான். 1939-ல் அம்மையார் அடையாறுக்கு வந்தார். உலகப் போர் வந்து, இத்தாலிக்காரர் என்பதால் வெள்ளைக்காரன் அவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினான். கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்தார். இதையெல்லாம் டீச்சரக்கா சொல்லும்போது கேட்க வேண்டும். "மேடம் கொடைக்கானல்ல இருந்தப்ப..." என்று ஆரம்பித்தால், சொந்தப் பெரியம்மா குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் கஷ்டப்பட்ட மாதிரி குரல் இறங்கும்.

காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் மாண்டிசோரி மேடம் அந்த வீட்டில் இருக்க மாட்டார். வேலையில் மூழ்கிய பிள்ளையை நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது என்பது சட்டம். டிரைவர் ஒரு நாள், சொல்லிக்கொடுத்தபடியே ஜக்கிலிருந்து டம்ளருக்குச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாய் இருமியது. "யோவ், மரம் மாதிரி நிக்கிறீரே, டிரம்மத் தள்ளும்யா!" என்று டீச்சரக்கா போட்ட சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது. டிரைவர் முகத்தில் ஒரு நிம்மதி. கட்டிக்கொண்டு வந்த பெண்சாதியின் குரல் அது.

ஒன்றை மறைக்கக் கூடாது. டீச்சரக்கா டைபாய்டில் படுத்தபோது அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. டிரைவர் கஞ்சி வைத்தார், ரசம் வைத்தார், உப்பு அளவாக இருந்தது. எங்கள் மாடியில் இன்னொரு ஆம்பிளைக்கு உப்பு டப்பா எது என்று தெரியுமா என்றால், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். பெரிய மனுஷனை நாலு பேர் முன்னால் "இது என்ன?" என்று கேட்பது மாண்டிசோரி இல்லை, அவமானம். பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஆறு வயதானால் விடுதலை கிடைத்துவிடுகிறது. டீச்சரக்கா, எங்களையும் ஒன்றாம் வகுப்புக்குப் பாஸ் போட்டு அனுப்பிவிடுங்கள்.