அண்டத்து வில்லனும் ஹாலிவுட் சிரிப்பும்

அண்டத்தையே அடிமையாக்க வரும் வில்லன் இருக்கும் கதையில் சிரிப்பு நடிகருக்கு என்ன வேலை சார்?

காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி ஒரே தொடரில் இருவருக்கும் வேலை கொடுத்தாரே! அவருடைய அண்டத்து வில்லன் டார்க்ஸைடு முதலில் முகம் காட்டியது 1970-இல், சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சன் பெயரில் வந்த காமிக்ஸின் 134-வது இதழில். மறு ஆண்டே, 139-வது இதழில், நகைச்சுவை நடிகர் டான் ரிக்கிள்ஸை உரித்துவைத்த ஓர் ஆசாமி சூப்பர் ஹீரோ வேஷத்தில் வந்து நிற்கிறார். 141-இல் அசல் ரிக்கிள்ஸே வந்துவிடுகிறார். ரசிகர்களைத் திட்டியே கைதட்டல் வாங்கிய மனிதர் அவர்! பயத்தையும் சிரிப்பையும் ஒரே கை வரைந்தது. அதனால்தான் கிர்பி எனக்கு மேதை.

இன்னொரு காமிக்ஸ் வில்லனான தானோஸ், டார்க்ஸைடின் காப்பிதானே?

தானோஸ் பிறந்தது 1973-இல். மூன்று வயது மூத்த அண்ணனின் ஜாடை தம்பிக்கு இருக்காதா? ஆனால் அவனை உருவாக்கிய ஜிம் ஸ்டார்லின் அவனுக்குத் தந்த காதல் சொந்தச் சரக்கு: காமிக்ஸில் தானோஸ் உயிருக்கு உயிராக நேசிப்பது மரணத்தை! 2018-இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படம் அந்தக் காதலை விட்டுவிட்டது. பெரிய இழப்பு.

'தார்: ராக்னராக்' படத்தில் ஊரே அழியும்போது ஜோக் அடிக்கலாமா?

அடிக்கலாம். இயக்குநர் டைகா வைடிடி, கோர்க் என்ற கல் மனிதனுக்குத் தானே குரல் கொடுத்து, அஸ்கார்டு நொறுங்கும் நேரத்திலும் சிரிக்கவைத்தார். சிரித்து முடித்ததும் கண்ணில் படுவது, ஊரை இழந்து கப்பலில் நிற்கும் ஜனங்கள். 2017-இன் சிறந்த சூப்பர் ஹீரோ காட்சி அது.