நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்

வேலையையும் தானே செய்துவிட்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு, போகும்போது நமக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளர் உலகத்தில் எங்கோ இருக்கிறார் என்று தெரிந்துகொண்டவனுக்கு அப்புறம் தூக்கம் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தே தலை நரைத்தவனுக்குத் தூக்கம் கெடுவது புதிதல்ல. ஆனால் வருமானத்தை நினைத்துச் சந்தோஷத்தில் கெட்டது அதுதான் முதல் தடவை.

மகள் இருப்பது நியூ ஜெர்சியில். ஒரு ஜூலை மாதம் போயிருந்தபோது எங்களை ஹாமண்டன் என்ற ஊருக்கு அழைத்துப்போனாள். ‘உலகத்தின் ப்ளூபெர்ரி தலைநகரம்’ என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். (யாராவது வந்து சூட்டுவார்கள் என்று காத்திருந்தால் ஆகாது என்பதைத் தமிழ்நாட்டுக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.) பண்ணை வாசலில் ஓர் அம்மாள் ஆளுக்கொரு வாளி கொடுத்தார். உள்ளே, பெரிய பெரிய கார்களில் வந்து இறங்கிய குடும்பங்கள் உச்சி வெயிலில் நின்று பழம் பறித்துக்கொண்டிருந்தன. கூலி கிடையாது. டீ, வடை கிடையாது. பறித்து முடித்ததும் அவர்களே வாளியைத் தராசில் வைத்து, பவுண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, “தேங்க் யூ” என்றார்கள். எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்க ஆள் வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தாலும் விடிந்தால் ஊரில் ஒரு கல்யாணமோ சாவோ இருக்கும்.

“ஏங்க, இதுல என்ன ருசி இருக்குன்னு இவ்ளோ கூட்டம்? நாவப்பழம் தின்னா நாக்காவது ஊதா ஆகும்” என்றாள் மனைவி. ஒரு தொழிலதிபர் உருவாகிக்கொண்டிருக்கிற நேரத்தில் ருசியைப் பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஊர் திரும்பும் முன்பே இதன் சரித்திரத்தைப் படித்துவிட்டேன். ப்ளூபெர்ரி நூறு வருஷத்துக்குச் சற்று முன்பு வரை காட்டுப் பழம்தான். அதே நியூ ஜெர்சியில் ஒயிட்ஸ்பாக் என்ற இடத்தில் எலிசபெத் ஒயிட் என்ற அம்மையாரும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியல் அறிஞரும் 1911-இல் கைகோத்து, 1916-இல் முதல் தோட்டத்து மகசூலைச் சந்தைக்கு அனுப்பினார்கள். அம்மையார் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. காட்டில் பழம் பொறுக்குகிறவர்களிடம் துளை போட்ட ஒரு தகட்டைக் கொடுத்து, அந்தத் துளையில் நுழையாத பெரிய பழம் எந்தச் செடியில் இருக்கிறதோ அதைக் காட்டினால் காசு என்றார். காட்டியவர் பேரைச் செடிக்கு வைத்தார். ரூபெல் என்ற ரகம் அப்படி ஒருவர் பேரில் வந்ததுதான். என் பேரில் ஒரு ரகம் வந்தால் எப்படி இருக்கும் என்று விமானத்தில் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நிலம் ஏற்கெனவே இருந்தது. நெய்வேலி நகரியத்துக்காரனின் வாழ்க்கை அப்படிப்பட்டது. வேலை இருக்கிற வரை அகலமான சாலை, வீட்டைச் சுற்றித் தோட்டம், மா, பலா, கொய்யா, சப்போட்டா. ஓய்வு பெற்ற பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். நான் வைத்து வளர்த்த மாமரம் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டது. இருந்தபோதும் அதில் நான் அதிகம் பறித்ததாக ஞாபகம் இல்லை. எங்கள் பிளாக்கில் காம்பவுண்டுக்கு வெளியே நீண்ட கிளை காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு, உள்ளே இருக்கிற கிளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்களுக்கு, உச்சிக்கிளை அணிலுக்கு. ஹாமண்டன் திட்டத்தின் பாதியை நான் முன்பே நடத்திக்கொண்டிருந்தேன். தராசு வைக்காததுதான் குறை.

ஆகவே ஓய்வுக்கு முன்பே முத்தாண்டிக்குப்பம் பக்கம் கொஞ்சம் செம்மண் நிலம் வாங்கியிருந்தேன். எங்கள் ஊரில் நிலம் பார்க்கப் போகிறவன் பட்டா, சிட்டா கேட்பதற்கு முன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “இது சுரங்கத்துக்குப் போகுமா?” கேட்டேன். “போகாது சார்” என்றார் தரகர். நிலக்கரி எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று சுரங்கத்தில் வேலை பார்த்த எனக்கே அவர் கையை நீட்டிக் காட்டினார்.

இந்த ஊரின் பிறப்பே விவசாயத்தில்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் பாசனத்துக்காகத் தன் நிலத்தில் ஆழ்துளை போட்டபோது கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. அதன் பின் 1956-இல் நிறுவனம், 1957-இல் நேரு வந்து தொடக்கிவைத்த சுரங்கம், ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத சக்கர எந்திரங்கள், 1961-இல் வெளியே வந்த பழுப்பு நிலக்கரி. அவர் பயிருக்குத் தண்ணீர் தேடினார், கரி வந்தது. நான் கரியிலிருந்து பயிருக்குத் திரும்புகிறேன். ஊரின் கணக்கை நேர் செய்கிற ஆள் நான்தான் என்று குடும்பக் கூட்டத்தில் சொன்னேன். “முதல்ல கேஸ் புத்தகத்தைக் கண்டுபிடிங்க, காணோம்” என்று கூட்டம் கலைந்தது.

ப்ளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும். 4.5-லிருந்து 5.5-க்குள் இருந்தால் சந்தோஷமாக வளரும். மண் பரிசோதனை அறிக்கையில் என் செம்மண் அமிலப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதாக வந்ததும் லட்டு வாங்கி வந்தேன். அடுத்த பக்கத்தை மகள் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். ஹாமண்டன் பக்கத்து ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரமாவது உறக்கம் வேண்டும், இல்லாவிட்டால் பூக்காது. நெய்வேலியில் 7 டிகிரி இருக்கிற ஒரே இடம் ஃபிரிட்ஜின் உள்பக்கம். எங்கள் மார்கழியில் 20 டிகிரிக்கே மங்கிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறோம்.

“அப்பா, குளிர் அதிகம் கேட்காத ரகமும் இருக்கு. பெரு நாட்டுல பாலைவனத்துல சொட்டுநீர் போட்டு வளர்த்து உலகத்துக்கே அனுப்புறாங்க” என்றும் அவள்தான் சொன்னாள். பிள்ளைகள் பெற்றவர்களுக்கு இவ்வளவு நம்பிக்கை கொடுக்கக் கூடாது. அன்று ராத்திரியே இணையத்தில் ‘வெப்பமண்டல ப்ளூபெர்ரி’ கன்றுகளுக்குப் பணம் கட்டினேன். வந்த கன்றுகளில் கொஞ்சத்தை நிலத்தில் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டைத் தொட்டியில் வைத்து, ஃபிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே நிறுத்தினேன். ஒரு ராத்திரிக்குப் பத்து மணி நேரம் என்றால் எண்பது ராத்திரி. மின்சாரம் விளைகிற ஊரில் குளிரை உற்பத்தி செய்வது பெரிய காரியமா?

“தோசை மாவு வெளியில, செடி உள்ளயா?” என்றாள் மனைவி. புளித்த தோசையைத் தின்றபடி, எலிசபெத் ஒயிட்டின் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அந்த அம்மையார் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று பிறகு படித்தேன். காரணம் விளங்கியது.

நிலத்தில் வைத்த செடிகள் அபாரமாக வளர்ந்தன. கணுவுக்குக் கணு முள் விட்டது. ஹாமண்டன் செடியில் முள் பார்த்த ஞாபகம் இல்லை. வெயிலுக்குத் தற்காப்பு என்று எடுத்துக்கொண்டேன். இலையைக் கிள்ளினால் பால் வந்தது. சத்து என்று எடுத்துக்கொண்டேன். பழம் முதலில் ரோஜா நிறமாகி, அப்புறம் கருநீலமானபோது படம் எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பினேன். அந்த வழியே ஆடு ஓட்டிப் போகிற பெரியவர் வேலி ஓரம் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“சார், களாச் செடிக்கு எதுக்குச் சொட்டுநீர்?”

அமெரிக்க ரகம் என்றேன்.

“இருக்கும் சார். எங்க ஊர்ல இதை வேலிக்கு வைப்போம். நீங்க நடுவுல வச்சு, சுத்தி வேலி போட்டிருக்கீங்க.”

அந்தப் பக்கத்துப் புதர்க்காட்டில் யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல், பையன்கள் சட்டை கிழியப் புகுந்து பறித்துத் தின்கிற பழம் அது. மனைவி மொத்தத்தையும் உப்பும் மிளகாயும் போட்டு ஊறுகாய் ஆக்கினாள். நன்றாக இருந்தது. ‘ப்ளூபெர்ரி ஊறுகாய்’ என்று சீட்டு ஒட்டலாம் என்று நான் சொன்ன யோசனை எடுபடவில்லை.

ப்ளூபெர்ரி போனால் போகட்டும், பறிப்பது போகவில்லையே. நிலத்தோடு வந்த பலா மரங்களும் முந்திரியும் இருந்தன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளை வேரோடு படுக்கவைத்துவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். அதில் தப்பி நின்றது ஒரு கிழட்டுப் பலா; மற்றவை அப்புறம் வைத்தவை. முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷமே காய்க்கும். பலாவுக்குத்தான் பொறுமை வேண்டும்.

மறுபடி குடும்பக் கூட்டம். மனைவி கல்லாவுக்கு, நான் நிர்வாகத்துக்கு, மனைவியின் தம்பி விளம்பரத்துக்கு. தின்கிற பழத்துக்கு எப்படிக் காசு வாங்குவது என்பதில்தான் பேச்சு நின்றது. மைத்துனனும் சுரங்கத்துக்காரன்தான். “மாமா, லாரிக்கு என்ன செய்யுறோம்? உள்ள போறப்போ ஒரு எடை, வெளிய வர்றப்போ ஒரு எடை. வித்தியாசம் எவ்ளோவோ அவ்ளோ தின்னிருக்காங்க.”

“எங்க பெரியக்காவை எடைமேடையில ஏத்தப்போறியா?” என்றாள் மனைவி. விவாதம் அத்தோடு முடிந்தது.

விலை வைப்பதிலும் சங்கடம். பக்கத்தில் வடலூர். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் வருகிறவருக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து சுளைக்குக் காசு கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். எங்கள் கல்லாவில் அந்தத் தைரியம் இல்லை. யார் வந்தாலும், “வாங்க, மோர் சாப்பிடுங்க” என்று ஆரம்பித்தது.

வைகாசியில் திறந்தோம். வந்தவர்களில் முக்கால்வாசி சொந்தம், மிச்சம் பழைய ஷிப்டு நண்பர்கள். வெளியாள் என்று பார்த்தால், வழி தவறி வந்து நெய்வேலி ஆர்ச் கேட் எங்கே என்று கேட்டுவிட்டுப் போன ஒரு குடும்பம்தான்.

பலாவை நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதிலுள்ள சிக்கல் அன்றுதான் புரிந்தது. ஒரு ப்ளூபெர்ரி இரண்டு கிராம் இருந்தால் பெரிது. எங்கள் கிழட்டு மரத்துக் காய் ஒன்று இருபது கிலோ. அதாவது பத்தாயிரம் ப்ளூபெர்ரி. ஹாமண்டனில் ஒரு குடும்பம் முழு மதியமும் நின்று பறித்தாலும் அவ்வளவு தேறாது. இங்கே காம்பில் ஒரு வெட்டு, பறிப்பு முடிந்தது. மிச்ச மதியமெல்லாம் யார் சுமப்பது என்ற பேச்சு.

அந்த வெட்டுக்கே ஒருவரும் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் பிறந்த ஒவ்வொருவரும் பலாவைத் தட்டியே பழுத்ததா என்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காயையும் தட்டினார்கள். ஒருவர் பழம் என்றதை இன்னொருவர் காய் என்றார். மூன்றாமவர் தீர்ப்பு சொல்லக் கத்தியால் முக்கோணமாக வெட்டிப் பார்த்து, காய்தான் என்று உறுதி செய்து, வெட்டின துண்டைத் திரும்பவும் அதே இடத்தில் பொருத்திவைத்தார். பெரியக்காவின் பட்டுப்புடவையில் பலாப்பால் ஒட்டியது. தேங்காய் எண்ணெய் கேட்டார்கள். அன்று தோப்பில் அதிகம் செலவானது எண்ணெய்.

முந்திரிப் பக்கம் இன்னும் மோசம். முந்திரியைப் பறிக்கவே கூடாது. பழுத்துத் தானாக விழ வேண்டும், விழுந்ததைப் பொறுக்கிக் கொட்டையைத் திருக வேண்டும். “விழுற வரைக்கும் என்ன செய்யுறது?” என்று பிள்ளைகள் கேட்டன. மரத்தடியில் உட்கார்ந்து காத்திருங்கள் என்றேன். ஷிப்டு நண்பர் ஒருவர் பொறுமையில்லாமல் பச்சைக் கொட்டையைக் கடித்துவிட்டார். தோட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். உதடு வீங்கி, நாலு நாள் அவர் வாட்ஸாப்பில் மட்டும் பேசினார். கொட்டையைக் கவனமாகப் பொறுக்கியவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு கிலோவை உடைத்தால் பருப்பு கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் தேறுகிறது என்று கண்டு, மிச்சம் எங்கே என்று என்னைக் கேட்டார்கள்.

நாவல் மரத்தின் மேல் உட்கார்ந்து ஔவைக்குப் பழம் உலுக்கிப் போட்ட முருகனை அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன். வந்ததே ஒரு வாடிக்கையாளர். அவருக்கும் பறிக்கிற வேலை கொடுக்காமல் கடவுளே ஏறி உலுக்கினார். அப்படியும் பழத்தில் மண் ஒட்டியது. தொழில் தெரிந்தவருக்கே அந்தக் கதி.

கல்லாவில் கடைசியில் ஆர்ச் கேட் குடும்பம் பலாச்சுளைக்குக் கொடுத்த ரூபாய் மட்டும் இருந்தது. அதையும் மனைவி, “குழந்தை கையில குடுங்க” என்று திருப்பிவிட்டாளாம். பெரியக்கா வீட்டார் போகும்போது ஆளுக்கொரு பலாவும் ஒரு புட்டி களா ஊறுகாயும் காரில் ஏறின.

மறுவாரம் காடாம்புலியூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு காயைக்கூடத் தட்டவில்லை. அண்ணாந்து பார்த்ததோடு சரி.

“சார், குத்தகைக்கு எடுத்துக்கறேன். ஆள் என்னுது, கத்தி என்னுது, துரட்டி என்னுது, கயிறு என்னுது, வண்டி என்னுது. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்.” மடித்த நோட்டுகளை முன்பணமாக நீட்டினார். “ரொம்ப சந்தோஷம் சார்” என்று கும்பிடும் போட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். “ஏங்க, நீங்க அமெரிக்காவுல பார்த்தது இதுதானே?”

“நாம வாளி கொடுக்கலையே” என்றேன்.

வியாபாரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பருவம் முடிகிற வரை வீட்டு ஆட்கள் தோப்பில் கை வைக்கக் கூடாது. ஐயா வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். நியாயமான பேச்சு. கையெழுத்துப் போட்டேன்.

ஆனியில் பண்ருட்டி போய்விட்டு வரும்போது காடாம்புலியூர் ரோட்டோரக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் மனைவி. அடுக்கியிருந்த பலாவில் ஒன்றின் மேல் முக்கோணமாக ஒரு தழும்பு இருந்தது. அதற்கு எவ்வளவு என்று கேட்டேன். சொன்ன விலையில் அரை மணி நேரம் பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கினேன். கடைக்காரப் பெண், “நல்லா தட்டிப் பார்த்து எடுத்துக்குங்க சார், எல்லாம் முத்தாண்டிக்குப்பத்துப் பழம்” என்றாள்.