பாட்டில் பாமைக் காத்த பெருந்தகைக்கு

பெறுநர்: நகரப் பூங்காக்களுக்குச் செடி தேர்ந்தெடுக்கும் அதிகாரி அவர்கள். (ஊர்ப் பெயரைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும். ராஜபாளையம் என்று எழுதினால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.)

பொருள்: அழியும் நிலையில் உள்ள தாவரத்தைப் பாதுகாத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் பூங்காக்களில் அருகிவரும் செடி ஒன்றுகூட இல்லை என்று சிலர் புலம்பித் திரிகிறார்கள். விவரம் தெரியாதவர்கள். வாசலின் இருபுறமும் வயிறு பருத்து நிற்கிறதே பாட்டில் பாம், அதன் சொந்த ஊர் மொரீஷியசை ஒட்டிய ரவுண்டு தீவு. எவரோ கொண்டுபோய் விட்ட ஆடுகளும் முயல்களும் கன்றுகளை மேய்ந்து தீர்த்ததில், அங்கே ஒருகாலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. அழியும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய நிலையில் வைக்கப்பட்ட அந்த மரம், இன்று ஓட்டல் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் செழித்து நிற்கிறது. நகரத் தோட்டம் நினைத்தால் ஒரு மரத்தைக் காப்பாற்றலாம் என்று தாங்கள் அறியாமலே நிரூபித்துவிட்டீர்கள். மொரீஷியஸ்காரர்கள் இன்னும் தங்களுக்குச் சால்வை போர்த்தவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இனி ஒரு சிறு விண்ணப்பம். ஊருக்கு மேற்கே ஒரு மலை இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமும் ஆயிற்று. செண்பகத்தோப்புப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தங்கள் மதிப்பீட்டுப் பட்டியலில் மட்டும் அந்த மலைச் செடி எதுவும் இன்னும் ஏறவில்லை. கொரியன் புல் ஏறிவிட்டது. கோனோகார்ப்பஸும் ஏறியிருந்தது, 2025-இல் அரசே தடை போட்டதால் மனமில்லாமல் இறங்கியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வளரும் அசோகு, மருந்துக்காகப் பட்டை உரிபட்டே அருகிவருகிறது. பூங்காவில் குடிநீர்த் தொட்டி ஆண்டு முழுவதும் வழிகிறதே, அந்த நிழல் மூலை அதற்கு ஏற்ற இடம். குழாயைப் பழுது பார்ப்பதைவிட மரம் வைப்பது எளிது என்று தங்களுக்கும் தோன்றலாம். கம்பி வேலியில் மாகாளிக் கிழங்குக் கொடியை ஏற்றலாம். ஊறுகாய்க்காக வேரோடு தோண்டித் தோண்டியே மலையில் குறைந்துபோன கொடி அது.

சிக்கல் ஒன்று உண்டு. அசோக விதை காய்ந்தால் முளைக்காது. மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று கோப்பு நகர்ந்து முடிவதற்குள் விதை செத்திருக்கும். ஆகவே விதையை முதலில் ஊன்றிவிட்டுக் கோப்பைப் பிறகு நடலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரை மலைக்கு அனுப்பிவிடவும் வேண்டாம். அவர் லாரியோடு போவார். காப்பகத்துக்குள் ஒரு கன்றைப் பிடுங்கினாலும் குற்றம். வனத்துறையிடம் முறைப்படி கேட்டு, பல தாய்மரங்களின் விதையை வாங்க வேண்டும். ஒரே மரத்துப் பிள்ளைகளாக ஊரெங்கும் நட்டால், வரும் ஒரு நோயே எல்லாவற்றையும் முடித்துவிடும்.

பெரியாழ்வார் நந்தவனம் வைத்த காலத்தில் தாங்கள் பணியில் இல்லாதது வில்லிபுத்தூரின் பாக்கியம். துளசிக்கு மூன்று விலைப்புள்ளி கேட்டிருப்பீர்கள். செடியடியில் குழந்தை கிடைத்ததற்குத் தணிக்கை ஆட்சேபணை வந்திருக்கும்.

மலைச் செடி பூங்காவில் தேறுமா என்று தயங்குவீர்கள். சில தேறாது. தேறாதவற்றை மலையிலேயே காக்க வேண்டியதுதான். பூங்கா ஒருநாளும் காட்டுக்கு ஈடாகாது. ஆனால் கோடையில் பட்டுப்போகும் கொரியன் புல்லை மறுபடி மறுபடி வாங்கும் தங்கள் பொறுமையில் பாதியாவது அசோகுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சொத்துவரி நிலுவை இல்லாத ஒருவன்

நகல்: இரவில் பூங்கா வேலி தாண்டி மேயவரும் ஆடுகளுக்கு – தகவலுக்காக மட்டும், நடவடிக்கை வேண்டாம்.