ஆட்டோவேக்கம் அண்ணன்

கூரம் கிராமத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டேட்டாபேஸ்காரரை டீக்கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். காலங்காத்தாலே போனைக் காதில் வைத்து, "நேத்து ராத்திரி எத்தனை செத்துது?" என்று சத்தமாகக் கேட்பவர் அவர்தான். பக்கத்து பெஞ்சுப் பெரியவர் தம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

செத்தது வரி. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழையது உடனே அழியாது. செத்த வரியாக அங்கேயே கிடக்கும். அதை ஒழித்து இடத்தை மீட்பது ஆட்டோவேக்கம். 2005இல், 8.1 பதிப்பில் உள்ளே வந்தது. 8.3 முதல் யாரும் சொல்லாமலே ஓடுகிறது. சொல்லாமல் ஓடும் எதன்மேலும் அண்ணனுக்கு நம்பிக்கை கிடையாது.

அவர் வாயில் ஓயாமல் புரளும் கணக்கு ஒன்று: 50 வரி, அதோடு டேபிளில் 20 சதவீதம். அவ்வளவு செத்தால்தான் ஆட்டோவேக்கம் கண் திறக்கும். ஆயிரம் வரி டேபிளுக்குச் சரி. பட்டுக்கடை பில்லிங்கில் ஒரு கோடி வரி இருந்தால், 20 லட்சத்து 50 பிணம் சேரும்வரை தூக்கம்தான். ஆகவே பெரிய டேபிளுக்கு மட்டும் அந்தச் சதவீதத்தை வைக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.01 ஆக்கிவிடுவார், லட்சத்துச் சொச்சத்திலேயே வேலை தொடங்கிவிடும். இதைக் கல்யாணப் பந்தியிலும் விளக்குவார். கேட்பவர் பாயசத்தைக்கூட விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

சென்னையிலிருந்து ஜூனியர் கூப்பிடுவான்.

"ண்ணா, சிஸ்டம் ஸ்லோ. ஆட்டோவேக்கத்த ஆஃப் பண்ணிட்டேன்."

"குப்பை வண்டி சத்தம் போடுதுன்னு வண்டியையே நிறுத்திட்டியா? நீ ஆஃப் பண்ணாலும் டிரான்ஸாக்‌ஷன் வயசு 20 கோடி ஆனா அது தானா கிளம்பும்டா. பகலா ராத்திரியான்னு பார்க்காது."

பிறகு இரண்டு பழங்கதைகள். டிரான்ஸாக்‌ஷன் எண் 32 பிட்தான். பழையவற்றை உறையவைக்காமல் விட்டால், சுற்றி வந்து குழம்பாதிருக்க டேட்டாபேஸ் எழுதுவதையே நிறுத்திவிடும். 2015இல் சென்ட்ரி நிறுவனத்துக்கும் 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மேண்ட்ரில் சேவைக்கும் நடந்தது அதுதான்.

அதற்கும் பையன் அசையாவிட்டால் கூரம் செப்பேடு வரும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் இவ்வூர்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த ஊரில், பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் பங்கு ஒதுக்கிச் செப்பேட்டில் வெட்டிவைத்தான். "அப்பவே மெயின்டனன்ஸ் பட்ஜெட்டுடா!" என்பார். அண்ணன் சொல்வதில் மிகையில்லாத வாக்கியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் உண்மையில் பிரகாசிப்பது, வேக்கம் ஓடியும் பிணக்கணக்கு குறையாதபோது. ஏதோ ஒரு பழைய டிரான்ஸாக்‌ஷன் திறந்தே கிடந்தால், அது பார்க்கக்கூடும் என்று பிறகு செத்தவற்றை வேக்கம் தொடாது. உடனே ஓடும் செஷன்களைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்து, குற்றவாளியைத் தேடுவார். காலை 9 மணிக்குக் கிளம்பி மாலைவரை முடியாத ரிப்போர்ட் ஒன்று சிக்கும். ஆரம்பித்தவர் மேனேஜர். அண்ணன் ஒரு விநாடி யோசித்து, செஷனைக் கொன்றுவிடுவார்.

போன் அடிக்கும். "என்னப்பா, ரிப்போர்ட் பாதியில நின்னுடுச்சே?"

"அப்படியா சார்?" குரலில் தேன் வடியும். "நெட்வொர்க்கா இருக்கும் சார். கூரத்துல காத்து ஜாஸ்தி."