கழுகு என்ன சாப்பிட்டது?

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டப் போகிறோம், பெற்றோரும் கட்டாயம் வரவேண்டும் என்று பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. போன சனிக்கிழமை காலை முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஊக்கம் வாங்கிக்கொண்டு வந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பில் ஏன் ஆர்வம் விட்டுப்போகிறது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அதற்குமுன் ஊக்கமூட்ட வந்த பேச்சாளர் சொன்ன அந்தக் கழுகை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

அதே கழுகுதான். நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்ததும் நகத்தைப் பிடுங்கி, நகம் முளைத்ததும் இறகைப் பிடுங்கி, ஐந்து மாதம் கழித்து ஜம்மென்று பறக்கிறதே, அது. சரி ஐயா, அந்த ஐந்து மாதமும் அது என்ன சாப்பிட்டது? அலகில்லாமல் கறியை எப்படிக் கிழித்தது? கஞ்சி காய்ச்சி ஊற்றியது யார்? பெண் கழுகா, மாமியார் கழுகா? அலகு உடைந்த கழுகு பட்டினியில் செத்துப்போகும், மறுபடி பறக்காது. முன்வரிசையில் விலங்கியல் ஆசிரியை கைதட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் வாங்குகிறவர், வேறென்ன செய்வார்?

பையன் என் காதருகே குனிந்தான். "அப்பா, இது பரீட்சைல வருமா?"

"வராதுடா."

உடனே தூங்கிவிட்டான்.

மார்க் முக்கியமில்லை, கனவுதான் முக்கியம் என்று பேச்சாளர் முடித்தார். முதல்வர் மைக்கை வாங்கி, போன வருடம் 580க்கு மேல் எடுத்தவர்களின் பட்டியலை வாசித்தார். பிறகு சென்டம் பட்டியல். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. 2019இல் பிளஸ் டூவின் 1200 மதிப்பெண் 600 ஆனது. மார்க் பாதியானதே தவிர, தெருமுனை பிளெக்ஸ் ஒரு அடிகூடக் குறையவில்லை. பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்கின்றன என்று 2018இல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் அதை ரத்து செய்தார்கள். எங்கள் பள்ளியில் மறுபடி ஓடிவந்து குதிக்கத் தயாராகிவிட்டார்கள்.

பிள்ளைகள் இவ்வளவு ஊக்கம் பெற்றுவிட்டதால், திங்கள் முதல் பி.டி. பீரியடிலும் வேதியியல் ஸ்லிப் டெஸ்ட் என்று அறிவித்தார் முதல்வர். விசில் ஊதவேண்டிய பி.டி. வாத்தியார் இப்போது விடைத்தாள் கட்டுகிறார்.

நான் சொல்ல வந்த கருத்தைக் கழுகு தின்றுவிட்டது. நிகழ்ச்சிக்குத் தலைக்கு முந்நூறு ரூபாய். அடுத்த டேர்ம் பீஸோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.